ஈக்கோ பொத்தானை எப்போது போடுவது, எப்போது அணைப்பது?

மதுராந்தகத்தில் இருந்து உங்கள் டீச்சர் எழுதுகிறேன்.

பதிவு கொஞ்சம் நீளம்தான். 45 நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே மட்டும் படிக்காதீர்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் புதுக் காரில் வந்து வாசலில் நிறுத்திவிட்டு, "டீச்சர், ஒரு ரவுண்டு வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசில்லாமல் கருங்குழியில் இருந்து நடந்தே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். மனசு நிறைந்துபோகிறது. ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கத் திரையில் ஒரு பச்சை இலை தெரியும். "அது என்னப்பா?" என்றால், "ஈக்கோ மோடு டீச்சர், பெட்ரோல் மிச்சமாகும்" என்பார்கள். அடுத்த கேள்வி என்னிடமே திரும்பி வரும்: "நீங்க பிசிக்ஸ் டீச்சர்தானே, இதை எப்பவும் போட்டே வச்சிக்கலாமா?"

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதே பஞ்சாயத்துதான். வண்டி வாங்கிய நாளில் இருந்து அந்தப் பொத்தானை அணைத்ததே இல்லை என்கிறான் அண்ணன் மகன். "வண்டி இழுக்கவே இழுக்காது, எருமை மாதிரி போகும், நான் தொடவே மாட்டேன்" என்கிறார் மருமகன். இரண்டு பேரும் என்னைத் தீர்ப்பு சொல்லச் சொல்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்து, நானும் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறேன் என்பதால் எனக்கும் இதில் கருத்து உண்டு.

என் தீர்ப்பு இதுதான். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அந்தப் பொத்தான் சாலைக்குச் சாலை, நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொள்ள வேண்டியது. எங்கே நிதானமாகப் போனால் போதுமோ அங்கே போடுங்கள். எங்கே சட்டென்று வேகம் எடுக்க முடியாவிட்டால் உயிருக்கு ஆபத்தோ, அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பலர் அது எஞ்சினையே மாற்றிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் ஊர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் இருக்கும் தண்ணீர் அதேதான், மதகும் அதேதான். மதகின் திருகை ஒரு சுற்று சுற்றினால் முன்பு எவ்வளவு திறந்ததோ, இப்போது அதில் பாதிதான் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈக்கோ மோடு செய்வது ஏறக்குறைய இதுதான். ஆக்சிலரேட்டரை நீங்கள் கொஞ்சம் அமுக்கினால் எஞ்சின் அதைவிடக் கொஞ்சமாகவே எடுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும், கீழ் கியருக்கு இறங்கத் தயங்கும். பல வண்டிகளில் ஏசியின் வேலையையும் குறைக்கும்.

பெயர் வண்டிக்கு வண்டி மாறும். டாடா நெக்ஸானில் ஈக்கோ, சிட்டி, ஸ்போர்ட் என்று இருக்கும். ஹூண்டாய் வண்டிகள் பலவற்றில் ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட். ஹோண்டா சிட்டியில் ஈகான் என்று ஒரு பச்சைப் பொத்தான். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்துப் போட்டால் மறுபடி நார்மலுக்கே வந்துவிடும். சிலவற்றில் நேற்று வைத்தது இன்றும் அப்படியே இருக்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பாடப் புத்தகத்தைத்தான் படிக்கவில்லை, அதையாவது படியுங்கள்.

இதில் இருந்து ஒன்று புரிகிறது அல்லவா? உங்கள் கால் ஏற்கனவே நிதானமான கால் என்றால் அந்தப் பொத்தானால் பெரிய லாபம் இல்லை. அவசரக் காலுக்குத்தான் அது மருந்து. சிக்னல் விழுந்ததும் சீறிக் கிளம்பி, அடுத்த ஐம்பது அடியில் பிரேக் போடுகிறவருக்கு அது ஒரு கடிவாளம். எரிந்த பெட்ரோல் எல்லாம் பிரேக்கில் வெறும் சூடாகப் போய்விடுகிறது என்று ஆற்றல் மாற்றப் பாடத்தில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? தமிழில் எழுதும்போது ஈகோவும் ஈக்கோவும் ஒரே ஒரு புள்ளி எழுத்தில்தான் வேறுபடுகின்றன. முதலாவதை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் இரண்டாவதற்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

எங்கெல்லாம் போடலாம்?

நம் ஊர் பஜார் வீதியில் போடலாம். அங்கே மூன்றாவது கியருக்கே வேலை இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மாலை, பரனூர் டோல்கேட்டுக்கு முன்னால் வண்டிகள் எறும்பு வரிசையாக ஊர்ந்து போகும்போது போடலாம். தாம்பரம் நெரிசலில் கட்டாயம் போடுங்கள். மேல்மருவத்தூரில் தைப்பூசத்தை ஒட்டிச் செவ்வாடை பக்தர்கள் சாலையோரம் சாரிசாரியாக நடந்து வருவார்கள். அந்த நேரத்தில் வண்டி சீறாமல் இருப்பது பெட்ரோலுக்கு மட்டும் இல்லை, நடப்பவர்களுக்கும் நல்லது.

படாளத்தில் திரும்பி வேடந்தாங்கல் போகும் சாலையிலும் போடலாம். பறவை பார்க்கப் போகிறவருக்கு என்ன அவசரம்? 40-இல் போங்கள், வயலையும் பாருங்கள்.

லேசான மழையில் சாலை ஈரமாக இருக்கும்போதும் அது உதவும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலையில் இருக்கும் எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். அப்போது ஆக்சிலரேட்டர் மெதுவாக வேலை செய்வதே நல்லது, சக்கரம் சுழன்று வழுக்காது. ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கும் சாலையைக் கடக்கும்போது அது வேண்டாம். முதல் கியரில், எஞ்சின் சுற்று குறையாமல், ஒரே சீராகப் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலும் வந்துபோனதைப் பார்த்தவர்கள் நாம். ஆழம் தெரியாத தண்ணீரில் எந்த மோடிலும் இறங்காதீர்கள்.

இனி, எங்கெல்லாம் அணைக்க வேண்டும்? இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் இடம், இருவழிச் சாலையில் ஓவர்டேக். நம் பக்கத்து உத்திரமேரூர் சாலை, செய்யூர் சாலை, சூணாம்பேடு சாலை எல்லாம் உங்களுக்குத் தெரியும். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் காலத்தில், சாலையை அடைத்துக்கொண்டு டிராக்டர்கள் ஆடி ஆடிப் போகும். பின்னால் ஜல்லி டிப்பர் ஹார்ன் அடித்துக்கொண்டே வரும். முன்னால் இருப்பதைத் தாண்டிப் போகத்தான் தோன்றும்.

எங்கள் உறவில் ஒரு பையன் அப்படித்தான் ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்ட வலது பக்கம் ஏறினான். வண்டியில் மனைவியும் கைக்குழந்தையும். வண்டி ஈக்கோவில் இருந்தது. வழக்கம்போல் அமுக்கினான், வண்டி நிதானமாக யோசித்தது. எதிரே பேருந்து. அந்த ஓட்டுநர் பேருந்தை மண்ணில் இறக்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "வண்டி இழுக்கல பெரியம்மா" என்பதுதான். வண்டி மேல் குற்றம் இல்லை. மெதுவாகப் போ என்று அவன்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தான், அது கேட்டது.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போகும். நீங்களும் 60, எதிரே வரும் பேருந்தும் 60 என்றால், உங்கள் இருவருக்கும் இடையே உள்ள தூரம் நொடிக்கு 33 மீட்டருக்கு மேல் குறைகிறது. தாண்டி முடிக்க இரண்டே இரண்டு நொடி கூடுதலாக ஆனால் 67 மீட்டர் போய்விட்டது. ஆறேழு பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளம் அது. அந்த இரண்டு நொடியில் மிச்சமான பெட்ரோலை ஒரு டீஸ்பூனில் பிடித்துவிடலாம்.

"முழுசா அமுக்கினா ஈக்கோவிலும் முழுச் சக்தி வந்துடும் டீச்சர்" என்று ஒரு மெக்கானிக் மாணவன் சொன்னான். பல வண்டிகளில் உண்மைதான். ஆனால் மேல் கியரில் தூங்கிக்கொண்டிருக்கும் வண்டி கீழ் கியருக்கு இறங்கி எழுந்து வர நேரம் எடுக்கும். அதோடு, தினமும் பாதி அமுக்கியே பழகிய கால், ஆபத்து நேரத்தில் முழுதாக அமுக்க வேண்டும் என்று நினைவு வைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. வலது பக்கம் ஏறும் முன்பே நார்மலுக்கு மாற்றுங்கள். மாற்ற மறந்துவிட்டால், அந்த ஓவர்டேக்கே வேண்டாம். டிராக்டர் ஆலை வாசல் வரைக்கும்தான் போகும், அமெரிக்காவுக்குப் போகாது.

இரண்டாவது இடம், ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுவது. இன்றைக்குத் தேசிய நெடுஞ்சாலை 32 என்று பலகை வைத்திருக்கிறார்கள். நமக்கு அது என்றைக்கும் ஜி.எஸ்.டி. ரோடுதான். ஊருக்குள் இருந்து வந்து சர்வீஸ் ரோட்டில் இருந்து ஏறும்போது, பின்னால் வருகிறவர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வருவார். நீங்கள் 40-இல் ஏறினால் இருவருக்கும் உள்ள வேக வித்தியாசம் 60. அவர் 150 மீட்டர் பின்னால் இருந்தால், ஒன்பது நொடியில் உங்கள் முதுகில் இருப்பார். அந்த ஒன்பது நொடிக்குள் உங்கள் வேகம் அவர் வேகத்தை நெருங்க வேண்டும். டிவைடர் இடைவெளியில் திரும்புகிறவர்களுக்கும், சாலையைக் குறுக்கே கடக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஏறும் வரை நார்மல். ஏறி, இடது பக்க வழியில் நிலையாகப் போக ஆரம்பித்த பிறகு வேண்டுமானால் ஈக்கோ போடுங்கள்.

மூன்றாவது, மலைப்பாதை. நம் பக்கம் பெரிய மலை இல்லை என்றாலும் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் போகாத குடும்பம் இல்லை. ஏற்காட்டில் சேலம் பக்கத்துப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. ஏறும்போது ஈக்கோ மேல் கியரையே பிடித்துத் தொங்கும், எஞ்சின் முனகும், நீங்கள் மேலும் மேலும் அமுக்குவீர்கள். பெட்ரோலும் மிச்சமாகாது, வளைவில் வண்டியும் திணறும். அணைத்துவிடுங்கள்.

இறங்கும்போது செய்யும் இன்னொரு காரியத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நியூட்ரலில் போட்டு உருட்டுவது. நம் மேம்பாலத்து இறக்கங்களில்கூடச் செய்கிறார்கள். அம்பாசிடர், பத்மினி காலத்துக் கார்புரேட்டர் எஞ்சினில் தொடங்கிய பழக்கம் அது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும், பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் தானே உயிரோடு இருப்பதற்காகக் கொஞ்சம் பெட்ரோல் குடிக்கும். ஆக, சிக்கனம் என்று நினைத்துச் செலவுதான் செய்கிறீர்கள், பிரேக்கையும் சூடேற்றுகிறீர்கள். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி அதோடு போய்விடும்.

நான்காவது, கத்திரி வெயில். இது அண்ணன் மகனுக்காக. மே மாதம் மதியம் 2 மணிக்கு, வெயிலில் நிறுத்திய வண்டியில் 80 வயது அம்மாவை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஈக்கோவைப் போட்டு ஏசியைப் பாதியாக்கினால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. வயதானவர்கள் "பரவாயில்லப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்வார்கள். அந்தத் தலைமுறையே அப்படித்தான். நீங்கள் கேட்காமலே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறும் முன் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, உள்ளே இருக்கும் அனல் காற்றை வெளியே விடுங்கள். நார்மலில் ஏசியை முழுதாக வைத்து வண்டி குளிர்ந்த பிறகு, நீங்கள் மட்டும் தெம்பாக இருந்தால் போதாது, பின்சீட்டில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஈக்கோ போடுங்கள்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். இந்தப் பொத்தானால் உண்மையில் எவ்வளவு மிச்சம்? அது வண்டியையும் காலையும் பொறுத்தது. தாராளமாக ஐந்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். மதுராந்தகத்தில் இருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப 160 கி.மீ. என்றும், லிட்டருக்கு 15 கி.மீ. என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்தால் மொத்தச் செலவு சுமார் 1,070 ரூபாய். அதில் ஐந்து சதவீதம் 53 ரூபாய். மாமண்டூரில் நிறுத்தி இரண்டு பேர் காபி குடித்தால் சரியாகிவிடும். கேவலமான தொகை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ரூபாயும் உழைத்த ரூபாய். ஆனால் எதற்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நான்குவழிச் சாலையில் உண்மையான மிச்சம் பொத்தானில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-இல் போகும்போது இருக்கும் காற்றின் எதிர்ப்பு, 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 110-இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈக்கோவைப் போட்டுக்கொண்டு 110-இல் பறக்கிறவர், ஓட்டைக் குடத்துக்கு மூடி போட்டு வைக்கிறவர். ஈக்கோவே இல்லாமல் 80-இல் நிதானமாகப் போகிறவர் அவரைவிட அதிகம் மிச்சம் பிடிப்பார். 60 கி.மீ. தூரத்தை 100-இல் போனால் 36 நிமிடம், 80-இல் போனால் 45 நிமிடம். ஒன்பது நிமிட வித்தியாசம். ஒன்பது நிமிடம் முன்னால் போய் என்ன செய்யப் போகிறோம், பெருங்களத்தூர் நெரிசலில் ஒன்பது நிமிடம் முன்னதாக நிற்கப் போகிறோம், அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தியபோது, 1974 ஜனவரியில் அந்த நாடு தன் நெடுஞ்சாலைகள் எல்லாவற்றுக்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று வேக வரம்பு வைத்தது. எரிபொருளை மிச்சப்படுத்த அன்றைக்கு அவர்கள் கையில் எடுத்தது வேகத்தைத்தான். 1995-இல்தான் அந்தச் சட்டம் முழுதாக நீங்கியது. நம் நாட்டிலும் 1978 முதல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் மைலேஜ் நன்றாகக் கிடைக்கும் என்று அவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். நான்குவழிச் சாலையில் 50-இல் போனால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து, அங்கே இடது வழியில் 80 போதும். கிராமச் சாலையில் 50 அருமையான வேகம்.

மிச்சம் பிடிக்க இன்னும் வழி உண்டு. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று மாதம் இரண்டு முறையாவது பாருங்கள். டிக்கியில் மூன்று மாதமாகக் கிடக்கும் அரிசி மூட்டையை இறக்கி வையுங்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணையுங்கள். கடைத்தெருவுக்கு நடந்து போங்கள், சர்க்கரையும் குறையும். எலக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். சார்ஜ் குறைவாக இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்த சார்ஜர் தூரமாக இருந்தால் ஈக்கோ தெய்வம் மாதிரி. ஆனால் சில எலக்ட்ரிக் வண்டிகளில் ஈக்கோ அதிகபட்ச வேகத்தையே கட்டிப்போடும் என்பதை ஓவர்டேக்குக்கு முன்பே தெரிந்துவைத்திருங்கள்.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு யோசனை, பெட்ரோல் என் காசு" என்று மருமகன் நினைக்கலாம். காசு உங்களுடையது, எண்ணெய் நம்முடையது இல்லை. நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அதைச் சுவாசிக்கப் போவதும், அதனால் ஏறும் வெப்பத்தைத் தாங்கப் போவதும் உங்கள் பிள்ளைகள்தான். ஆகவே மருமகனே, ஊருக்குள் ஓட்டும்போதாவது அந்தப் பொத்தானைத் தொடுங்கள். வண்டி இழுக்காவிட்டால் கௌரவம் ஒன்றும் குறையாது.

அண்ணன் மகனுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டில் சிக்கனம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். உன் பாட்டி அரிக்கேன் விளக்கின் திரியைத் தாழ்த்தியே வைத்திருப்பார். நாங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு வார்த்தை பேசாமல் வந்து திரியை ஏற்றிவிட்டுப் போவார். படித்து முடித்ததும் மறுபடி தாழ்த்துவார். எண்ணெய் மேல் அவருக்கு இருந்த அக்கறை யாருக்கும் இருந்திருக்காது. ஆனால் பிள்ளைகளின் கண்ணை அடகு வைத்து எண்ணெயை மிச்சப்படுத்தவில்லை. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். திரியை ஏற்றவும் தாழ்த்தவும் தெரிந்த கைதான் சிக்கனமான கை. தாழ்த்த மட்டுமே தெரிந்தால் அது வெறும் கஞ்சத்தனம்.

ஏரி நிரம்பித் தளும்பும்போது மதகைச் சொட்டுச் சொட்டாகத்தான் திறப்பேன் என்று எந்தப் பொறியாளரும் அடம்பிடிப்பதில்லை. கோடையில் அதே மதகை அகலத் திறந்து விடுவதும் இல்லை. நம் ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

எனவே பிள்ளைகளே, வண்டியைக் கிளப்பும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "அடுத்த கொஞ்ச தூரத்தில் எனக்குத் திடீர் வேகம் தேவைப்படுமா?" தேவைப்படும் என்றால் நார்மல். தேவையில்லை என்றால் ஈக்கோ. சாலை மாறும்போது மறுபடி கேளுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாமல் விரல் போய்த் தொடும் அளவுக்கு, வண்டி நிற்கும்போதே பத்து தடவை பழகுங்கள். ஓடும்போது குனிந்து தேடுவதற்கு, தொடாமல் இருப்பதே மேல். மனைவி, கணவன், அப்பா, அம்மா என்று அந்த வண்டியை யார் யார் ஓட்டுவார்களோ அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் போட்டுவிட்டுப் போன மோடு தெரியாமல் அடுத்தவர் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவது மிகவும் ஆபத்து.

இந்தப் பொங்கலுக்கு வருகிறவர்கள் வண்டியின் புத்தகத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். ஈக்கோவில் உங்கள் வண்டி ஏசியைக் குறைக்கிறதா, வேகத்தைக் கட்டுகிறதா, அணைத்துப் போட்டால் எந்த மோடில் எழுகிறது என்று மூன்று கேள்வி கேட்பேன். சரியாகச் சொல்கிறவர்களுக்கு அதிரசம். சொல்லாதவர்களுக்கும் அதிரசம் உண்டு, ஆனால் புத்தகத்தைப் படித்து முடித்த பிறகுதான்.

பார்த்துப் போங்கள், நிதானமாக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மதுராந்தகம்